மூர்க்கமும் அழற்சியும்: மேனியா நோயாளியின் இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

இரவு இரண்டு மணிக்கு வேன் வந்து நிற்கும். நான்கு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடித்து இறக்குவார்கள். கைகள் துண்டால் கட்டப்பட்டிருக்கும். ஐந்து இரவுகளாகத் தூக்கமில்லை. கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருக்கும். செருப்பில்லாமல் அலைந்த கால்களில் கண்ணாடி கீறிய காயம் இருக்கும். அதை அவர் கவனித்திருக்கவே மாட்டார். தம்பியின் சட்டை கிழிந்திருக்கும். மனைவி சற்றுத் தள்ளி நின்று, "நல்லா இருக்கும்போது ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன் டாக்டர்" என்பார். மனநலப் பிரிவில் இரவுப்பணி பார்த்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. அந்த மனைவி சொல்வதும் பெரும்பாலும் உண்மைதான்.

அப்படியானால் இந்தச் சினம் எங்கிருந்து வந்தது? குணம் என்பார் மாமனார். காத்து கருப்பு என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மூளையில் டோபமைன் ஏறிவிட்டது என்பார் மருத்துவர். கடந்த இருபது ஆண்டுகளில் இவற்றோடு இன்னொரு விடையும் ஆய்வேடுகளில் இடம்பிடித்திருக்கிறது: உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு, காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக மூட்ட வேண்டிய தீயை இங்கே காரணமின்றி மூட்டியிருக்கிறது, அந்த அழற்சியின் தடயம் இரத்தத்தில் தெரிகிறது, அது மூர்க்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. இந்த விடையைக் கிடைத்திருக்கும் சான்றுகளோடு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. தொடர்பு உண்மை என்றே நான் கருதுகிறேன். அதைக் கையாளும் விதத்தில்தான் கவனம் வேண்டும். ஏனென்றால் மனநோயாளியின் மூர்க்கத்துக்கு நம் ஊர் கண்ட மருந்து வெகுகாலமாகச் சங்கிலியாகவே இருந்திருக்கிறது.

இருமுனைய மனநோயில் ஒரு முனை சோர்வு, மறுமுனை மேனியா. மேனியா என்றால் மிதமிஞ்சிய மகிழ்ச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். வார்டில் காண்பது வேறு. எரிச்சலும் சிடுசிடுப்பும் ஆத்திரமும் மகிழ்ச்சிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். 1978இல் வெளிவந்து இன்றும் உலகெங்கும் பயன்படும் யங் மேனியா அளவுகோலில் 11 கேள்விகள் உண்டு; மொத்தம் 60 மதிப்பெண். பெரும்பாலான கேள்விகளுக்கு உச்ச மதிப்பு 4. எரிச்சலுக்கும் மூர்க்க நடத்தைக்கும் தலா 8 வரை போடலாம். பேச்சு, எண்ணத்தின் உள்ளடக்கம் ஆகிய இரண்டுக்கும் அப்படியே. ஆக 60இல் 16, அதாவது கால்பங்குக்கும் மேல், கோபத்தின் கணக்கில் எழுதப்படுகிறது. நோய் முற்றியவர்கள் சரிவர ஒத்துழைக்காததை ஈடுசெய்யவே இந்த இரட்டை எடை.

இனி இரத்தத்துக்கு வருவோம். கொரோனா காலத்தில் சி.ஆர்.பி., ஐ.எல்-6 என்ற பெயர்கள் நம் வீட்டுப் பேச்சுக்குள்ளேயே வந்துவிட்டன. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியப்பட்டது சி-ரியாக்டிவ் புரதம். அதைச் சுரப்பது கல்லீரல். சுரக்கச் சொல்லி ஆணையிடுவது இன்டர்லூகின்-6 என்ற சேதிப் புரதம். வெள்ளையணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் இத்தகைய சேதிப் புரதங்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப்-ஆல்ஃபா ஆகியவையும் இந்தக் குடும்பமே. கொரோனாவில் சி.ஆர்.பி. நூறைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் உண்டு. மேனியாவில் அப்படி நடப்பதில்லை. லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் கூடுதல், அவ்வளவே. காட்டுத்தீ அல்ல, உமிக்குள் கனலும் நெருப்பு.

அந்தச் சிறு கூடுதல் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான தொகுப்பாய்வு, இருமுனைய நோயாளிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. நோயில்லாதவர்களைவிட அவர்களுக்குச் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. சோர்வுக் கட்டத்திலும், நோய் தணிந்த இடைக்காலத்திலும்கூட அந்தக் கூடுதல் இருந்தது. மேனியாக் கட்டத்தில் அதிகபட்சமாக இருந்தது. சிகிச்சைக்குப் பின் குறைந்தது. ஐ.எல்-6, டி.என்.எஃப்-ஆல்ஃபா பற்றிய தொகுப்பாய்வுகளும் ஏறத்தாழ இதே திசையைக் காட்டுகின்றன.

மூர்க்கத்துக்கும் அழற்சிக்குமான நேரடிச் சான்று மேனியாவுக்கு வெளியிலிருந்துதான் வலுவாக வந்தது. எமில் கொக்காரோ சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஒரே கேள்வியைத் துரத்தியவர். அற்ப விஷயத்துக்கும் சட்டென வெடித்து, பொருளை உடைத்து, கைநீட்டி, பிறகு வருந்துகிறவர்கள் இருக்கிறார்களே, இடைவிட்ட வெடிப்புக் கோளாறு என்று மருத்துவம் பெயரிட்ட அந்த நிலை, அதுதான் அவருடைய களம். அத்தகையோரையும், வேறு மனநோய் உள்ளவர்களையும், நோயற்றவர்களையும் ஒப்பிட்டு 2014இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், வெடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கே சி.ஆர்.பி.யும் ஐ.எல்-6உம் கூடுதலாக இருந்தன. வாழ்நாளில் எத்தனை முறை மூர்க்கமாக நடந்துகொண்டார்கள் என்ற கணக்கோடும் அந்த அளவுகள் ஒத்துப்போயின. மனநோய் எதுவானாலும் அழற்சி இருக்கும் என்பதல்ல இதன் பொருள். மூர்க்கத்துக்கென்றே ஓர் அழற்சிச் சாயல் உண்டு என்பது. மேனியாவின் சினத்தையும் இந்தக் கண்ணாடி வழியே பார்க்கலாமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

ஆனால் ஒரு முரண் உறுத்துகிறது. அழற்சி உயிரினத்தைச் சோர வைக்கும் என்பதுதானே நாம் கண்டது? காய்ச்சல் வந்தால் பசியில்லை, பேச்சில்லை, போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். இதே சைட்டோகைன்கள்தான் அந்த முடக்கத்தையும் உண்டாக்குகின்றன. மனச்சோர்வுக்கும் அழற்சிக்கும் தொடர்பு சொல்வது அதனால் எளிது. எதிர்முனையில் நிற்கும் மேனியாவின் ஆவேசத்தை எப்படி விளக்குவது?

தெருநாயைக் கவனித்தவர்களுக்கு விடையின் ஒரு நுனி தெரியும். நோய் கண்ட நாய் மூலையில் சுருண்டு கிடக்கும். கிட்டே போனால் உறுமும், தொட்டால் கடிக்கும். அது வேட்டையாடும் மூர்க்கம் அன்று, தற்காப்பு மூர்க்கம். நியூஜெர்ஸியில் ஆலன் சீகல் என்ற நரம்பியலாளர் இந்த இரண்டையும் பூனைகளில் பிரித்துக் காட்டினார். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியை மின்முனையால் தூண்டினால் பூனை ஓசையின்றிப் பதுங்கிச் சென்று எலியைக் கவ்வும். நடுப்பகுதியைத் தூண்டினால் முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, காதை மடக்கிச் சீறி, நகத்தால் அறையும். அந்த நடுப்பகுதிக்குள் மிக நுண்ணிய அளவில் இன்டர்லூகின்-1 பீட்டாவைச் செலுத்தியபோது சீற்றம் முன்னைவிட எளிதாக, குறைந்த தூண்டலிலேயே எழுந்தது. செரட்டோனின் ஏற்பிகளில் ஒரு வகையை அடைத்தால் அந்த விளைவு மறைந்தது. அழற்சிப் புரதம் ஒன்று, மூளையின் குறிப்பிட்ட ஓரிடத்தில், குறிப்பிட்ட வழியில், சினத்தின் வாசலைத் தாழ்த்துகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இன்னொரு முடிவைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இன்டர்லூகின்-2ஐ ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியில் செலுத்தினால் சீற்றம் அடங்குகிறது. அதையே நடுமூளையின் சாம்பல் பகுதியில் செலுத்தினால் சீற்றம் கூடுகிறது. ஒரே புரதம், இடம் மாறினால் எதிர் விளைவு. முழங்கைச் சிரையில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தத்தில் அந்தப் புரதம் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் மூளைக்குள் என்ன நடக்கிறதென்று சொல்லிவிட முடியுமா?

வார்டிலும் மேனியா நோயாளியின் கை பெரும்பாலும் எப்போது ஓங்குகிறது என்று பாருங்கள். யாராவது தடுக்கும்போது. கதவைப் பூட்டும்போது, கைப்பேசியை வாங்கும்போது, ஊசிக்குப் பிடிக்கும்போது. பெரும்பாலும் அது தற்காப்பின் சாயல் கொண்டது. பூனையிலிருந்து மனிதனுக்குத் தாவுவது தவறு என்று அறிவேன். ஆனாலும் இந்த ஒப்புமையை ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

வேதியியல் வழி ஒன்றும் உண்டு. நாம் உண்ணும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான் செரட்டோனினுக்கு மூலப்பொருள். அழற்சி கூடும்போது ஒரு நொதி முடுக்கப்பட்டு, டிரிப்டோஃபானைக் கைனுரெனின் என்ற வேறு வாய்க்காலில் திருப்பிவிடுகிறது. அந்த வாய்க்காலில் பிறக்கும் குவினோலினிக் அமிலம் நரம்பணுக்களைக் கிளர்த்தக்கூடியது. ஒருபக்கம் அடக்கும் செரட்டோனின் குறைவு, மறுபக்கம் கிளர்த்தும் அமிலத்தின் மிகுதி. கேட்கப் பொருத்தமாக இருக்கிறது; மேனியா நோயாளியின் மூளையில் இது இப்படியே நடந்து சினம் விளைகிறது என்று நிறுவப்படவில்லை.

நோயெதிர்ப்பும் கிருமியும் மனிதரை வெறிகொள்ளச் செய்யும் என்பதில் ஐயத்துக்கே இடமில்லாத நோய்களும் உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பிய மனநல விடுதிகளை நிறைத்திருந்தவர்களில் கணிசமானோர், தாமே பேரரசர் என்று முழங்கி ஆத்திரம் கொண்டு அலைந்தவர்கள், மூளையைத் தாக்கிய மேகநோயால் அப்படி ஆனவர்கள். 1913இல் அவர்களது மூளைத் திசுவிலேயே அந்தக் கிருமியை ஹிதேயோ நொகுச்சி காட்டினார். நம் காலத்தில் 2007இல் ஜோசப் டால்மாவ் குழு பென்சில்வேனியாவில் இனங்கண்ட மூளை அழற்சி நோயில், உடலே தயாரிக்கும் எதிர்ப்புப் புரதம் மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகிறது. இளம்பெண்கள் சில நாட்களில் தூக்கம் கெட்டு, கத்தி, அடிக்க வந்து, மனநலப் பிரிவில் முதலில் சேர்க்கப்படுகிறார்கள். பலருக்கு மூலகாரணம் சூலகத்தில் வளர்ந்த கட்டி. உரிய காலத்தில் கண்டால் குணமாக்கலாம். இவை அரிய நோய்கள்தான். என்றாலும் ஒவ்வொரு மேனியா நோயாளியின் உடலையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவை போதுமான காரணங்கள்.

இப்போது மறுபக்கம். வேனிலிருந்து இறங்கியவரின் இரத்த அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் வகை 78 சதவீதம், லிம்ஃபோசைட் வகை 16 சதவீதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏறத்தாழ ஐந்து. நலமாக இருப்பவருக்குப் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். இந்த விகிதம் மலிவானது. எந்தச் சிற்றூர் ஆய்வகத்திலும் சாதாரண இரத்த எண்ணிக்கையிலேயே கிடைத்துவிடும். அதனால் அழற்சி ஆய்வுகளில் மிகவும் விரும்பப்படுகிறது. "மூர்க்கமானவருக்கு விகிதம் ஐந்து, அமைதியானவருக்கு இரண்டு, ஆகவே அழற்சி மூர்க்கத்தை உண்டாக்குகிறது" என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

அவசரப்படக் கூடாது. நான்கு பேரோடு மல்லுக்கட்டியவரின் இரத்தத்தில் அட்ரினலின் பொங்கியிருக்கும். இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோஃபில்களை அது உலுக்கி ஓட்டத்துக்குள் தள்ளும். உடலின் ஸ்டீராய்டான கார்டிசால் லிம்ஃபோசைட்டுகளைக் குறைக்கும். விகிதம் தானாக ஏறும். ஐந்து இரவுத் தூக்கமின்மை ஐ.எல்-6ஐ ஏற்றும். வேலை செய்யும் தசையே ஐ.எல்-6ஐச் சுரக்கும் என்பதைக் கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழு காட்டியிருக்கிறது. ஓயாமல் நடந்து, ஆடி, திமிறியவரின் தசை எவ்வளவு வேலை செய்திருக்கும்! காலில் கண்ணாடிக் காயம் வேறு. புகைப்பழக்கமும் உடற்பருமனும் சி.ஆர்.பி.யைக் கூட்டும். இருமுனைய நோய்க்குத் தரப்படும் லித்தியமே நியூட்ரோஃபில் எண்ணிக்கையை உயர்த்தும். அதே லித்தியம் மூர்க்கத்தையும் தணிக்கும். 1976இல் அமெரிக்கச் சிறைவாசிகள் 66 பேரிடம் ஷியர்ட் நடத்திய ஆய்வு, மனநோய் இல்லாதவர்களிடமும் அது திடீர் மூர்க்கத்தைக் குறைத்ததைக் காட்டியது. ஆக ஒரே மருந்து ஒரு கணக்கை ஏற்றி, மறு கணக்கை இறக்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் கழிக்காமல் போடும் கணக்கு எதையும் நிறுவாது.

இன்னொரு தடையும் இருக்கிறது. அழற்சிக் கோட்பாட்டாளர்கள் இதற்கு நேராக விடை சொல்ல வேண்டும். அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு நிகரான மருந்து அரிது. அந்த ஸ்டீராய்டே மேனியாவை உண்டாக்கும். 1972இல் வெளியான பாஸ்டன் கூட்டு மருந்துக் கண்காணிப்பு ஆய்வில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பிரட்னிசோன் எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கு மனநலச் சிக்கல் வந்தது. 80 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கு. அழற்சி கூடினால் மேனியா, குறைந்தால் தெளிவு என்ற நேர்க்கோடு இங்கே முறிகிறது.

மருந்துச் சோதனைகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஈரானில் 2015இல் வெளியான சிறிய சோதனையில் 46 மேனியா நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வால்ப்ரோயேட்டுடன் செலிகாக்சிப் என்ற வலிநிவாரணியைச் சேர்த்துக் கொடுத்தபோது பலன் கிடைத்தது. பாகிஸ்தானில் 266 பேரைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான பெரிய சோதனையில், இருமுனையச் சோர்வுக்கு அதே செலிகாக்சிப்பும் மினோசைக்ளினும் பலன் தரவில்லை. அது சோர்வுக் கட்டம், இது மேனியா என்று வாதிடலாம். ஆனாலும் சிறிய சோதனையில் மின்னியது பெரிய சோதனையில் மங்குவது மருத்துவம் பலமுறை கண்ட கதை. எனக்கு நம்பிக்கை தருவது பால்டிமோரில் ஃபெய்த் டிக்கர்சன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு. மேனியாவுக்காக மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய 66 பேரில் பாதிப்பேருக்கு வழக்கமான மருந்தோடு குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா மாத்திரை. மீதிப்பேருக்கு வெற்று மாத்திரை. 24 வாரங்களில் வெற்று மாத்திரைக் குழுவில் 24 முறை மறுஅனுமதி நடந்தது. மற்றக் குழுவில் 8 முறை. தொடக்கத்தில் அழற்சி மிகுந்திருந்தவர்களுக்கே பலன் அதிகம். மருந்துக்கு அழற்சியைக் கண்டு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. ஆனால் இது ஒரே சிறிய ஆய்வு. தயிர் சாதம் மேனியாவைத் தடுக்கும் என்று யாரும் புலனப் பதிவு போட்டுவிட வேண்டாம்.

மூர்க்கத்தைப் பற்றிப் பேசும்போது அதன் அளவையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் இருமுனைய நோயாளிகள் 3,743 பேரைப் பின்தொடர்ந்து சீனா ஃபசேல் என்ற ஆய்வாளரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக் குற்றம் செய்தவர்கள் 8.4 சதவீதம், பொதுமக்களில் 3.5 சதவீதம். அந்தக் கூடுதலின் பெரும்பகுதி குடி, போதைப் பழக்கமும் சேர்ந்திருந்தவர்களிடம்தான். அப்பழக்கம் இல்லாத நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்கும் இடையே வேறுபாடு சொற்பமே. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் யாரையும் தாக்கிக் குற்றவாளி ஆகவில்லை. சி.ஆர்.பி.யைவிட டாஸ்மாக் பாட்டில் பெரிய முன்னறிகுறி என்று நம் ஊர் மொழியில் சொல்லலாம்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். மூர்க்கமாகிவிடுவார்கள் என்ற அச்சம்தான் அவர்கள் காலில் சங்கிலியாகப் பூட்டப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. நாளை யாரேனும் ஓர் இரத்தப் பரிசோதனையைக் காட்டி, "இவர் மூர்க்கமாகக்கூடியவர்" என்று ஒரு நோயாளியின் கோப்பில் முத்திரை குத்தினால், அது புதிய சங்கிலி. இன்றுள்ள சான்றுகளில் ஒன்றுகூட அதற்கு இடம் தரவில்லை. குழுக்களின் சராசரியில் தெரியும் சிறு வேறுபாட்டை வைத்துத் தனி மனிதரின் நாளைய நடத்தையைச் சொல்ல முடியாது.

நல்ல ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பது தெளிவாகவே தெரிகிறது. நம்மிடம் அதற்கான இடமும் திறனும் உண்டு. 2004இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மூர்க்கமாகக் கொண்டுவரப்பட்ட 200 மனநோயாளிகளிடம் ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்த ஊசியை லோராசெபாம் ஊசியோடு ஒப்பிட்டு, உலகமே பயன்படுத்தும் முடிவைத் தந்தது. அவசரப் பிரிவின் அந்த அமளிக்கு நடுவே முறையான சோதனை நடத்த முடியும் என்று காட்டிய ஊர் அது. அதே ஒழுங்கோடு, முதல் ஊசியின்போதே சிறிது இரத்தம் எடுக்க வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த பின் ஒருமுறை, நோய் தணிந்த பின் ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டும். தூக்கம், காயம், புகை, எடை, மருந்து எல்லாவற்றையும் குறித்துவைத்து, மூர்க்கத்தைத் தனி அளவுகோலால் நாள்தோறும் அளக்க வேண்டும். சினம் தணியும் முன்பே அழற்சி தணிகிறதா, பின்பா என்று அப்போதுதான் தெரியும்.

அதுவரை செய்யக்கூடியது எளியது. மேனியா நோயாளி மூர்க்கமாக வந்தால், அமைதியானதும் காய்ச்சல் பாருங்கள், காலைப் பாருங்கள், சாதாரண இரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல்முறை மேனியா ஐம்பது வயதுக்கு மேல் வந்தால் உடல்நோயைத் தேடாமல் மனநோய் என்று முடிவு கட்டாதீர்கள். குடும்பத்தாரே, இழுப்புக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாரா, கடந்த வாரம் காய்ச்சல் இருந்ததா, எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். தூக்கம் குறையும் முதல் இரண்டு இரவுகளிலேயே உதவி கேளுங்கள். துண்டால் கட்டும் நிலை வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம். இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.